கார்டுல எழுதின எடை

என் கர்ப்பக் கார்டுல எழுதியிருந்த எடை பொய். எழுதின நர்ஸம்மா பேர்ல தப்பு இல்ல, மெஷின் பேர்லயும் தப்பு இல்ல. அதுமேல ஏறி நின்னவ நான். அதனால நான்தான் சொல்லணும். வயித்துல புள்ளையோட இருக்கிற ஒருத்தி இதைப் படிச்சிட்டு, செக்கப்புல கேக்கறதுக்கு ஒழுங்கா பதில் சொன்னா போதும். அதுக்கு மேல எனக்கு ஆசை இல்ல.

நான் ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில செக்கிங்ல இருக்கேன். தையல் நேரா ஓடியிருக்கா, பசை வெளிய பிதுங்கியிருக்கா, இடதும் வலதும் ஒரே நிறமான்னு பாக்கணும். சரியில்லன்னா சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிடணும். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். வீட்லயும் அதே புத்திதான்னு எங்க வீட்டுக்காரர் குமரேசன் சொல்லுவாரு. அவருக்குத் தோல் டேனரியில வேலை. எங்க அத்தை, அதான் அவரோட அம்மா, தள்ளுவண்டியில காய் விக்கிறவங்க. எனக்கு அம்மா இல்ல. கல்யாணமான புதுசுல ஒரு கரு நின்னு மூணாம் மாசமே கலைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் நாலு வருஷம் எதுவும் இல்ல. அதைப் பத்தி வீட்ல யாரும் பேசமாட்டோம். பேசலன்னா மறந்துட்டோம்னு அர்த்தமா?

அதனால இந்தத் தடவை நின்னப்போ எனக்குச் சந்தோஷத்தைவிட பயம்தான் ஜாஸ்தி. மொத அஞ்சு மாசம் வாந்தி. கம்பெனிக்குள்ள போனா பசை வாசம், வீட்டுக்கு வந்தா அவர் மேல தோல் வாசம். பாவம் மனுசன், ரெண்டு வாட்டி சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வாசப்படியிலயே நிப்பாரு. "இப்ப உள்ள வரலாமா?"ன்னு கேப்பாரு. சில நாள் வேணாம்னு சொல்லியிருக்கேன்.

அஞ்சாம் மாசம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அத்தையோட போனேன். மெஷின்ல ஏறினா அம்பது. போன மாசமும் அதே அம்பது. நர்ஸம்மா நல்லவங்கதான், ஆனா குரல் பெருசு. "இன்னாம்மா இது? ஒரு கிராம் ஏறல. வீட்ல சோறு போடறாங்களா இல்லையா?"ன்னு கேட்டுட்டு அத்தையைப் பாத்தாங்க. பெஞ்சுல உக்காந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவுல அத்தை மெதுவா, "நான் உனக்குப் போடலன்னு நெனச்சுட்டாங்க இல்ல?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு அவங்க சாப்பிடல. வண்டியில இருக்கிற பிஞ்சு வெண்டைக்காயெல்லாம் எனக்குன்னு பொறுக்கி எடுத்து வெச்சிட்டு, மிச்சத்தைத்தான் தெருவுக்குக் கொண்டு போவாங்க. அவங்களைப் பாத்து அப்படிக் கேட்டது எனக்கு நெஞ்சுலயே நின்னுச்சு.

அதுக்கு நான் பண்ணின வேலை இருக்கே, இப்ப நெனச்சாலும் என்னை நானே நாலு அறை விடணும்போல இருக்கு. அத்தை எலெக்ட்ரானிக் தராசு வாங்கினப்புறம் பழைய இரும்பு எடைக்கல்லுங்க அலமாரிக்கு அடியில கெடந்துச்சு. அடுத்த செக்கப்புக்குப் போறப்போ ஒரு கிலோ கல்லையும் அரைக்கிலோ கல்லையும் துணியில முடிஞ்சு, பாவாடை நாடாவுக்குள்ள இடுப்புல சொருகிக்கிட்டேன். மேல சேலை. ஒருத்தருக்கும் தெரியல. "ஆங், இப்படித்தான் ஏறணும்"னு நர்ஸம்மா சொன்னாங்க. அத்தை தெருமுனை வரைக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே வந்தாங்க. ஏழாம் மாசமும் அதே மாதிரி பண்ணினேன். கார்டுல அம்பத்தி நாலுன்னு எழுதினாங்க. உண்மையில நான் அம்பத்திரண்டரை.

யாருக்கு இதனால இன்னா நஷ்டம்னு நெனச்சேன். குறை கண்டுபிடிக்கிறவளுக்கு இந்தக் குறை தெரியல பாருங்க.

வளைகாப்பை அத்தைதான் முன்னாடி நின்னு நடத்தினாங்க. ரெண்டு கையிலயும் கண்ணாடி வளையல். அது முடிஞ்ச வாரத்துல இருந்து எனக்கு உடம்பு ஏற ஆரம்பிச்சுது. செருப்பு பத்தல. கம்பெனியில பக்கத்து டேபிள் பர்வீன், "அஞ்சாம் நம்பர் காலுக்கு ஏழாம் நம்பரா? இன்னாடி சாப்பிடற?"ன்னு சிரிச்சா. கன்னம் உப்பி, கண்ணு சின்னதாயிடுச்சு. தெருவுல பாக்கறவங்கல்லாம், "இப்பதான் புள்ளைத்தாச்சி மாதிரி இருக்க, முகத்துல களை வந்துடுச்சு"ன்னாங்க. அத்தை சாயந்தரம் ஆச்சுன்னா திருஷ்டி சுத்திப் போடுவாங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு.

ஏழாம் மாசச் செக்கப்பு முடிஞ்சு ரெண்டு வாரத்துல அடுத்த செக்கப்பு. இந்த வாட்டி கல்லு இல்லாம ஏறினேன். அம்பத்தி ஆறு! எனக்கு மட்டும்தான் கணக்கு தெரியும். கார்டுப்படி ரெண்டு கிலோ, நெசத்துல மூணரை கிலோ. அப்பாடா, பொய்யை உண்மை எட்டிப் புடிச்சிருச்சு, இனிமே கல்லு வேணாம்னு நிம்மதியா மூச்சு விட்டேன். ரெண்டு வாரத்துல ஒரு கிலோ ஏறினாலே சரியான எடைன்னு அப்ப எனக்குத் தெரியாது. நர்ஸம்மா பிரஷர் பாத்துட்டு, "கொஞ்சம் ஜாஸ்தியா காட்டுது. நடந்து வந்தியா?"ன்னாங்க. உக்கார வெச்சு மறுபடி பாத்தா கொஞ்சம் கம்மியா இருந்துச்சு. கார்டைத் திருப்பிப் பாத்தாங்க. "ரெண்டு கிலோ ஏறியிருக்கு. முன்னாடி கம்மியா இருந்ததுக்கு இப்ப ஈடு கட்டுது போல. எதுக்கும் ஒரு வாரத்துல வந்து பிரஷர் பாத்துக்கோ. தலைவலி, கண்ணு மங்கல் வந்தா ஒடனே வரணும்"னாங்க. மூணரைன்னு எழுதியிருந்தா அவங்க என்னை அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாங்க. அவங்க கையில நான்தான் தப்பான கார்டைக் குடுத்தேன்.

மூணாம் நாள் தலைவலி வந்துச்சு. கம்பெனி டியூப் லைட்டாலன்னு நெனச்சுக்கிட்டேன். பர்வீன் இந்த வாட்டி சிரிக்கல. "போய்க் காட்டு ஜெயா, பேஜார் பண்ணாத"ன்னா. ஞாயித்துக்கிழமை போறேன்னு சொல்லிட்டு, ஞாயித்துக்கிழமை படுத்துக்கிட்டேன்.

அன்னைக்கு மத்தியானம் கால் கனமா இருக்குன்னு சொன்னதுக்கு எங்க வீட்டுக்காரர் எண்ணெய் தேய்க்க உக்காந்தாரு. கணுக்காலுக்கு மேல கட்டை விரலை வெச்சு அழுத்தினவர் அப்படியே நிறுத்திட்டாரு. விரலை எடுத்தாரு. பள்ளம் நின்னுச்சு. கொஞ்சம் மேல அழுத்தினாரு. அங்கயும் ஒரு பள்ளம்.

"இன்னாங்க?"

"பதம் பாக்கற மாதிரி இருக்குது."

அவர் டேனரியில பண்றது அதுதான். சுண்ணாம்புத் தண்ணியில ஊறின தோலு உப்பிப்போய் விறைச்சுக்கிட்டு நிக்கும். அதைக் கழுவி, மருந்து போட்டு இளக்குவாங்க. இளகிடுச்சான்னு பாக்க கட்டை விரலால அழுத்துவாங்க. தடம் அப்படியே நின்னா பதம் வந்துடுச்சுன்னு அர்த்தம். பத்து வருஷமா தினம் அதே விரலால பாக்கறவர். அவர் மூஞ்சி வெளுத்துப்போச்சு.

"இது சதை இல்ல ஜெயா. தண்ணி."

அத்தை அடுப்பங்கரையில இருந்து, "போடா, புள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்கறது இன்னா புதுசா?"ன்னாங்க.

"கால் மட்டும் இல்லம்மா. இவ கண்ணைப் பாரு, தொறக்கவே முடியல. தலைவலின்னு வேற சொல்றா."

அப்பதான் சொன்னேன், காலையில இருந்து கண்ணு முன்னாடி மின்மினி மாதிரி பறக்குதுன்னு. அதுக்கு மேல அவர் நிக்கல. தெருவுல இருந்த வாடகைக் காரைக் கூப்பிட்டாரு. மூணு பேரும் வேலூருக்குக் கிளம்பினோம். பள்ளிகொண்டா தாண்டறப்போ அத்தை கோயில் கோபுரம் இருக்கிற பக்கம் பாத்துக் கும்பிட்டாங்க. நான் வயித்தைப் புடிச்சுக்கிட்டு, அசையுதா அசையுதான்னு பாத்துக்கிட்டே போனேன்.

வேலூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பிரஷர் நூத்தி எழுவது, கீழ நூத்திப் பத்து. சிஸ்டர் மறுபடி பாத்தாங்க, மூணாவது வாட்டியும் பாத்தாங்க. வேகமா வெளிய போனாங்க. எடை அம்பத்தெட்டரை. ஒண்ணுக்கு டெஸ்ட்ல புரதம் நெறைய போகுதுன்னாங்க.

டாக்டரம்மா சின்ன வயசு. கட்டில் பக்கத்துல உக்காந்து பொறுமையா சொன்னாங்க. "இதுக்குப் பேரு ப்ரீ-எக்லாம்சியா. கர்ப்பத்துல சில பேருக்கு வர்ற ரத்தக் கொதிப்பு. ரத்தக் குழாயில இருந்து தண்ணி கசிஞ்சு சதையில தேங்கும். அதான் வீக்கம், அதான் எடை. கிட்னியில இருந்து புரதம் ஒழுகும். முத்திப்போனா வலிப்பு வரும். முழுசா சரியாகணும்னா குழந்தை வெளிய வரணும். ஆனா உங்களுக்கு முப்பத்திரண்டு வாரம்தான் ஆகுது. குழந்தைக்கு நுரையீரல் பழுக்க ஊசி போட்டு, ரெண்டு நாளாவது தள்ளிப் பாக்கணும்."

அப்புறம் கார்டைப் பிரிச்சாங்க. "போன செக்கப் வரைக்கும் எடை ஓரளவு சரியாத்தான் ஏறியிருக்கு. இந்த அஞ்சு நாள்லதான் ரெண்டரை கிலோ. அப்ப இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. ஸ்கேனை நாளைக்குக் காலையில வெச்சுக்கலாம். சரிதானே?"

நான் தலையாட்டியிருக்கலாம். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அத்தை என் கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. சொன்னா அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது? சொல்லலன்னா உள்ள இருக்கிறதுக்கு இன்னா ஆகும்? எனக்கு அழுகை வந்துடுச்சு.

"டாக்டர், அந்த அம்பத்தி நாலு பொய். ஒன்றரை கிலோ கல்லு இடுப்புல வெச்சிருந்தேன்."

"இன்னாது?"ன்னு அத்தை கேட்டாங்க. டாக்டரம்மாவுக்கு முதல்ல புரியல. முழுசா சொன்னேன். அவங்க திட்டல. பேனா எடுத்து அம்பத்தி நாலை அடிச்சிட்டு அம்பத்திரண்டரைன்னு எழுதினாங்க. "அப்ப ரெண்டு வாரத்துல மூணரை, அதுக்கப்புறம் ரெண்டரை. மூணு வாரமா ஓடிட்டிருக்கு"ன்னாங்க. சிஸ்டரைப் பாத்து, "ஸ்கேன் நாளைக்கு வேணாம், இப்பவே"ன்னாங்க.

ஸ்கேன்ல பாப்பா நாள் கணக்குக்கு இருக்கவேண்டிய அளவுக்கு இல்ல. தொப்புள் கொடியில ரத்த ஓட்டம் கம்மியாயிட்டு இருக்குதுன்னாங்க. அதனால பாப்பா நெஞ்சுத் துடிப்பைப் பாத்துக்கிட்டே இருக்கணும்னு வயித்துல பெல்ட் கட்டிட்டாங்க. நான் வாயைத் தொறக்கலன்னா அந்த பெல்ட்டு மறுநாள் மத்தியானம்தான் கட்டியிருப்பாங்க.

அத்தை என்கிட்ட ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாங்க. "என் கல்லாலயா?" முப்பது வருஷம் அந்தக் கல்லை வெச்சு ஒருத்தருக்கும் ஒரு தக்காளி கம்மியா போடாதவங்க. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.

ஊசி ஏத்த வந்த சிஸ்டர், "வளையலைக் கழட்டணும்மா, கை இன்னும் வீங்கினா வெட்டிடும்"னாங்க. பிரசவம் ஆகறதுக்கு முன்னாடி வளைகாப்பு வளையலைக் கழட்டினா ஆகாதுன்னு எங்க பக்கம் பயப்படுவாங்க. நான் அத்தையைப் பாத்தேன். அவங்க சோப்புத் தண்ணி கொண்டாந்து ஒவ்வொண்ணா உருவினாங்க. நாலு வந்துச்சு. மிச்சத்தை முந்தானையில சுத்தி, அவங்களே அழுத்தி உடைச்சாங்க. என் கையில ஒரு கீறல் படல, அவங்க விரல்ல ரத்தம் வந்துச்சு. துடைச்சிக்கிட்டே சொன்னாங்க, "புள்ளை நல்லபடியா வரட்டும். டஜன் கணக்குல போட்டுக்கலாம்."

வலிப்பு வராம இருக்க மெக்னீசியம் ஏத்தினாங்க. உள்ள போனதும் உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் அடுப்பு பத்த வெச்ச மாதிரி காந்துச்சு. மருந்து ஜாஸ்தி ஆகிடக் கூடாதுன்னு மணிக்கு ஒரு வாட்டி சின்ன சுத்தியலால முட்டியில தட்டிப் பாப்பாங்க. கால் துள்ளணும். துள்ளலன்னா மருந்தை நிறுத்திடுவாங்களாம். நான் ஒவ்வொரு வாட்டியும் துள்ளுடா துள்ளுடான்னு என் கால்கிட்டயே கெஞ்சுவேன். குடிக்கிற தண்ணியையும் அளந்து எழுதினாங்க, போற தண்ணியையும் அளந்து எழுதினாங்க. காலையில கட்டிலுக்குப் பக்கத்துலயே மெஷினை உருட்டிக்கிட்டு வந்து எடை. ஏறக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு அதுமேல நின்னது அதுதான் மொத தடவை. ஏறித்தான் இருந்துச்சு.

எங்க வீட்டுக்காரரை உள்ள விடல. வெளிய நாற்காலியில உக்காந்து போன்ல கேட்டுக்கிட்டே இருந்தாரு. "பாப்பா இன்னா பண்ணுது?" உதைக்குதுன்னு அனுப்புவேன். "நீ இன்னா பண்ற?" செத்துப்போயிடுவேனான்னு அவர்கிட்ட கேக்க முடியுமா? அந்த மூணாம் மாசத்துக் கரு ஞாபகம் வந்துக்கிட்டே இருந்துச்சு. இதுவும் போச்சுன்னா காரணம் நான்தான், வேற யார்மேலயும் பழி போட முடியாது.

பாப்பா நுரையீரலுக்கான ரெண்டாவது ஊசி போட்டு மறுநாள் காலையில பாப்பா நெஞ்சுத் துடிப்பு எறங்கிச்சு. பெல்ட்டு மெஷின் சத்தம் மெதுவாச்சு, அப்புறம் ஏறிச்சு, மறுபடி எறங்கிச்சு. நாலு பேர் ஓடி வந்தாங்க. "இனிமே உள்ள வெச்சிருக்கறது ஆபத்து"ன்னு டாக்டரம்மா சொன்னாங்க. வீங்கின விரலால கையெழுத்து போட்டேன், என் பேர் மாதிரியே இல்ல. ஆப்பரேஷன் தியேட்டர்ல திரைக்கு அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் பூனைக்குட்டி கத்தற அளவுக்கு ஒரு சின்னக் குரல். "பொண்ணு"ன்னாங்க. ஆயிரத்து நானூத்தி இருபது கிராம். கண்ணுல ஒரு தடவை காட்டிட்டுத் தூக்கிட்டு ஓடினாங்க.

எனக்கு அஞ்சு நாள்ல எட்டு கிலோ எறங்கிச்சு. தெருவே மெச்சின அழகெல்லாம் தண்ணியாப் போச்சு. பர்வீன் ஃபிளாஸ்க்ல சூப் கொண்டாந்தா. "உப்பு கம்மி, உனக்குன்னு தனியா வெச்சேன்"னுட்டு, என் மூஞ்சியைப் பாத்து, "ஹப்பா, பழைய ஜெயா வந்துட்டா"ன்னா. பாப்பா மூக்குல டியூபு, கால்ல ஒயரு. அதுக்கும் மொத வாரம் எடை எறங்கிச்சு. எல்லாக் குறைமாசக் குழந்தைக்கும் அப்படித்தான்னாங்க, ஆனா அதைக் கேட்டுட்டு தைரியமா இருக்க யாரால முடியும்? அப்புறம் பத்து கிராம், பதினஞ்சு கிராம்னு ஏறிச்சு. பால் பீச்சற ரூம்ல அம்மாங்க எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் கேக்கற கேள்வி ஒண்ணுதான். "இன்னைக்கு எவ்ளோ?" அத்தை தினம் கஞ்சி கொண்டாந்து நான் குடிக்கிற வரைக்கும் நிப்பாங்க. கல்லைப் பத்தி அவங்களும் பேசல, நானும் பேசல. பேசியிருந்தா தேவலாம்போல இருந்துச்சு.

ஆயிரத்து எண்ணூறு வந்தா வீட்டுக்கு அனுப்பறோம்னு சொல்லியிருந்தாங்க. இருபத்தி ஆறாம் நாள் காலையில அத்தை பையெல்லாம் கட்டிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் கீழ காரோட நிக்கிறாரு. சிஸ்டர் காஞ்ச நாப்பியோட எடையை முன்னாடியே கழிச்சு வெச்சிட்டு, பாப்பாவை மெஷின்ல போட்டாங்க. ஆயிரத்து எண்ணூத்திப் பத்து. "வீட்டுக்குப் போலாம்டி குட்டி!"ன்னாங்க. அத்தை கையெடுத்துக் கும்பிட்டாங்க.

பாப்பாவைத் தூக்கினப்போ என் கை நனைஞ்சுது. நாப்பி சொதசொதன்னு இருந்துச்சு. சிஸ்டர் நோட்டுல எழுதக் குனிஞ்சிட்டாங்க. எனக்கு வீட்டுக்குப் போகணும். அந்த ஆஸ்பத்திரி வாசம், அந்த மெஷின் சத்தம், எதுவும் வேணாம். ஒரு நாப்பித் தண்ணிதானே, யாருக்குத் தெரியப்போகுது?

"சிஸ்டர், எழுதாதீங்க. நனைஞ்சிருக்கு. கழட்டிட்டு மறுபடி போடுங்க."

ஆயிரத்து எழுநூத்தி அறுவத்தஞ்சு.

"இன்னும் ரெண்டு மூணு நாள் இருக்கணும்மா"ன்னு சிஸ்டர் சொன்னாங்க. அத்தையை நிமிந்து பாக்க முடியல. அவங்க போனை எடுத்தாங்க.

"டேய் குமரேசா, காரைத் திருப்பி அனுப்பிடு. இன்னைக்கு இல்ல. எடை பத்தல... இல்லடா, மெஷின் நல்லாத்தான் இருக்குது. உன் பொண்டாட்டிதான் சரியா போடச் சொன்னா."

வார்டு முழுக்கக் கேக்கற மாதிரி சத்தமாத்தான் சொன்னாங்க. அப்புறம் கட்டின பையைப் பிரிச்சு, டம்ளரை எடுத்துக் கழுவப் போனாங்க.